எண்டர் அமுக்காத மெக்கானிக்

முட்டாள்தனத்தில் சும்மா இருக்கும்போது வருவது ஒரு வகை. மெனக்கெட்டு உழைத்துச் செய்வது இன்னொரு வகை. நான் இரண்டாவது கட்சி. பதினான்கு ஊர் விவசாயிகளின் காகிதங்களைப் பத்திரப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, பதினான்கு அம்புக்குறிகளைப் பத்திரப்படுத்தியவன் நான்.

கம்ப்யூட்டர் திரையில் சில படங்களின் ஓரத்தில் குட்டியாக ஓர் அம்புக்குறி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்குள் ஃபைல் கிடையாது. ஃபைல் வேறெங்கோ இருக்கிறது, இது வழிகாட்டும் பலகை, அவ்வளவுதான். 'உத்திரமேரூர் 6 கி.மீ.' என்று சாலையோரம் நிற்கும் பலகையைப் பிடுங்கிக் கொண்டுவந்து வீட்டு வாசலில் சாத்திவிட்டு, உத்திரமேரூரையே ஏரியோடு சேர்த்துக் கொண்டுவந்துவிட்டேன் என்று ஒருவன் சொன்னால் அவனை என்ன சொல்வீர்கள்? அதை என்னிடம் நேராகச் சொல்லிவிடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இதை முதலிலேயே ஒப்புக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. இனி வரப்போகிறவரைப் பற்றி நீங்கள் ஒரு நொடிகூடத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அப்படி ஊரை ஒருமுறை நினைக்க வைத்த ஆளும் நானே.

எனக்கு உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், டைப்பிங், ஆன்லைன் பதிவு. பலகையில் 'கணினி மையம்' என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரே ஒரு கணினி. அதுவும் என்னைப் போலவே. ஆள் வந்தால் படுத்துக்கொள்ளும். அதை எழுப்புவதற்காகத்தான் அவர் முதன்முதலில் வந்தார்.

திருப்புலிவனம் பக்கம் அவர் ஊர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் கழனியில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். இவர் டிப்ளமோ முடித்து, ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் ஷிப்ட் பார்த்துவிட்டு, 'அங்க நாள் பூரா ஒரே எடத்துல நிக்கணும்ணா, நம்மால ஆவாது' என்று திரும்பிவிட்டார். அப்புறம் ஒரு பழைய ஸ்கூட்டி, ஒரு தோள்பை. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் போன் அவருக்குத்தான் போகும்.

அந்தப் பையில் இருந்தவை: நான்கு திருப்புளி, ஒரு பெயின்ட் பிரஷ், கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளான ஓ.எஸ்ஸைப் போடுவதற்கான ஒரு பென் டிரைவ், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போல ஓர் அழிரப்பர். ரப்பர் எதற்கு என்று கேட்டேன். பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்து ஒரு பட்டையை உருவி, அதன் செம்புப் பற்களை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினார். மெஷின் எழுந்துகொண்டது.

"பாதி சீக்கு இத்தோட பூடும்ணா. மீதி சீக்குக்குத்தான் ஓ.எஸ்."

ஓ.எஸ். போடுகிறபோது அவரைப் பார்க்க வேண்டும். திரையில் சதவீதம் ஏறிக்கொண்டிருக்கும். பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம் பன்னிரண்டிலேயே பத்து நிமிடம். நாமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு அதையே பார்ப்போம். அவரால் முடியாது. ஓர் இடத்தில் நிற்க மாட்டார். என் கடைக் கண்ணாடியில் எந்தக் காலத்திலோ ஒட்டிய செல்லோடேப்பின் எச்சத்தை நகத்தால் சுரண்டி எடுப்பார். மேசைக்கடியில் சிக்கிக் கிடந்த ஒயர்களைப் பிரித்துக் கட்டுவார். ஆடிக்கொண்டிருந்த ஃபேனின் திருகாணியை முடுக்குவார். என் கடை சுத்தமாக இருந்த நாளெல்லாம் என் கம்ப்யூட்டர் கெட்டுப்போன நாள்தான்.

"குந்தும்மா, ஸ்டூல் கீதுல்ல."

"நான் குந்தினா அது படுத்துக்கும்ணா."

தலையிலிருந்து ஹெல்மெட்டைக்கூட எடுக்க மாட்டார். பல நாள் அவர் முகம் எனக்கு ஹெல்மெட் சட்டத்துக்குள் வைத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவாகத்தான் தெரியும்.

இத்தனை பரபரப்பான ஆள் ஒரே ஒரு காரியத்தில் மட்டும் அவசரப்பட மாட்டார். அழிக்கும் முன். பழைய ஓ.எஸ்ஸை அழித்துப் புதிதாகப் போடும்போது, மெஷின் ஒரு கேள்வி கேட்கும்: இதில் இருப்பதெல்லாம் போய்விடும், சம்மதமா? அந்த இடம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். நோட்டைத் திறந்துகொண்டு விசாரணையை ஆரம்பிப்பார்.

"இதுல இன்னா இன்னா கீது, வாயால சொல்லுங்க."

"எல்லாம் கீதும்மா."

"எல்லாம்னு ஒரு ஃபைல் கெடயாதுண்ணா. ஒண்ணொண்ணா சொல்லுங்க."

சொல்ல வேண்டும். கல்யாண போட்டோ, எல்.ஐ.சி. ரசீது, பிள்ளையின் மார்க் ஷீட், பாஸ்வேர்டு எழுதி வைத்த ஃபைல். எதை எடுத்து வைத்தாயிற்று, எது போனால் பரவாயில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் டிக் போடுவார். கடைசியில் நாற்காலியை நம் பக்கம் தள்ளுவார்.

"இப்ப நீங்களே எண்டர அமுக்குங்க."

அவர் அமுக்க மாட்டார். எத்தனை கெஞ்சினாலும் அமுக்க மாட்டார். மெஷின் யாருடையதோ, விரலும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் நடந்த கூத்துகளை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஒரு ரைஸ் மில் முதலாளி எண்டர் அமுக்கும் நேரத்தில் "ஏய், இங்க வா, இத்த அமுக்கு" என்று உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டாராம். நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் திட்ட ஓர் ஆள் வேண்டுமில்லையா? இவர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாராம். "அக்கா மெஷினா சார் இது? இல்லல்ல? அப்ப நீங்க குந்துங்க." முதலாளி குந்தினாராம். அந்த அக்கா இவருக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாராம்.

ஒரு பாஸ்டர் கண்ணை மூடி நீளமாக ஜெபம் செய்துவிட்டு அமுக்கினாராம். பத்திரம் எழுதுகிற ஒருவர் கிழக்குப் பார்த்துத்தான் அமுக்குவேன் என்று மேசையையே திருப்பச் சொன்னாராம். "திருப்பினியாம்மா?" என்று கேட்டேன். "திருப்பினேன். எப்டியும் பின்னால ஒயர் பாக்கணும்."

ஏன் இந்தப் பிடிவாதம் என்று அவரே ஒருநாள் சொன்னார். என் மெஷினின் வயிற்றுக்குள் பிரஷ் போட்டுக்கொண்டே, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார். தொழிலுக்கு வந்த புதிதில், பெரிய குடித்தனக்கார வீடு ஒன்றில் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பையன் போனைப் பார்த்துக்கொண்டே "எல்லாம் எடுத்துட்டேன், போடு போடு" என்றான். இவர் போட்டார். அக்காவின் கல்யாண போட்டோ முழுக்கப் போயிற்று. வீடே கூடியபோது பையன் சொன்னான், "நான் ஒண்ணியும் சொல்லல, அதுவா அழிச்சிடுச்சி."

"அப்பால அந்தத் தெருவுல ஒரு வூட்லருந்துகூட போன் வர்லண்ணா. ஒரு வூட்ல பேரு கெட்டா பத்து வூடு சாத்திக்கும்."

"அப்ப நீயே உன் பென் டிரைவ்ல எல்லாத்தையும் எடுத்து வச்சிக்கலாமில்ல?"

பிரஷ் நின்றது. "அவங்க வூட்டுப் பொம்பளைங்க போட்டோல்லாம் என் பையில கீதுன்னா, நாளைக்கு அது வேற பேச்சாவும்."

அப்புறம் பிரஷ் மறுபடி ஓட ஆரம்பித்தது. இதையெல்லாம் கேட்டு நான் மிகவும் வருத்தப்பட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். 'இன்னா மனுஷனுங்கம்மா' என்றுகூடச் சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த வருடம் அறுவடை சமயத்தில் என் கம்ப்யூட்டர் சாகக் கிடந்தது. ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை திரை நீலமாகும். தானாக அணைந்து தானாக எழும். பாதி ஆதார் அட்டை பிரின்ட் ஆகி மீதிப் பாதி வராமல் நின்றுவிடும். கடையில் நல்ல கூட்டம் வேறு. நெல்லைக் கொள்முதலுக்குப் போட ஆன்லைனில் பதிய வேண்டும். நிலத்துக்கான சிட்டா, அடங்கல், அதோடு ஆதார், பேங்க் புத்தகம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஊர் வாரியாக வைத்திருந்தேன். பதினான்கு ஊர். நெல்லெல்லாம் களத்தில் குவிந்து கிடக்கிறது, வானம் மூன்று நாளாகக் கருத்துக்கொண்டு நிற்கிறது.

முதலில் கை வைத்தியம் பார்த்தேன். பக்கவாட்டில் தட்டினேன். பேசிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கொஞ்சம் விபூதியும் வைத்தேன். அப்புறம்தான் போன் போட்டேன்.

வந்தார். பெட்டியைத் திறந்தார். "இன்னாண்ணா, உள்ள சாம்பலா கீது?"

"தூசிம்மா."

"தூசி மணக்குதே."

ரப்பர் போட்டுப் பார்த்தார். வேறு பட்டை மாற்றிப் பார்த்தார். டிஸ்க்கைச் சோதித்தார். எல்லாம் நன்றாக இருந்தது. "ஓ.எஸ். நொந்து பூட்ச்சிண்ணா. இதும்மேல ஒட்டுப் போட்டுக்கினே இருந்தா மழக்குள்ள உங்களால ஒரு பதிவும் போட முடியாது. அழிச்சிட்டுப் புதுசா போட்றலாம். நாளைக்குக் காலைலதான் டைம் கீது. திங்கக்கெழமைலருந்து நான் கெடைக்க மாட்டேன்."

"எங்க போற?"

அப்போதுதான் சொன்னார். அருகிலிருந்த ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து கம்ப்யூட்டர். அத்தனைக்கும் புதிதாக ஓ.எஸ். போட்டு, வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்கிற வேலை. ஏறக்குறைய முடிந்துவிட்டது, தாளாளர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

"அது மட்டும் ஆச்சுன்னா, ஒரு கட எடுத்துருவேண்ணா. வூடு வூடா போறது நின்னுடும். யாரு வூட்டு வாசல்லயும் போயி 'உள்ள வரலாமா'ன்னு நிக்கத் தாவல. மிஷின அவங்களே தூக்கிக்கினு எங்கிட்ட வருவாங்க."

சொல்லும்போது என் கடை ஷட்டரின் காடிகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் எங்கிருந்து எடுத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை அவர் வருவதற்குள் ஃபைல்களை எடுத்து வைக்க வேண்டியது என் பொறுப்பு. திரையில் பதினான்கு ஊரும் வரிசையாக இருந்தன. எல்லாவற்றையும் வளைத்துப் பிடித்தேன், காப்பி அடித்தேன், பென் டிரைவில் போட்டேன். ஒரே நொடியில் முடிந்தது. வேறு எவனாவதாக இருந்தால் 'பதினான்கு ஊர் எப்படி ஒரு நொடியில் ஏறும்?' என்று யோசித்திருப்பான். நான் என் பென் டிரைவின் வேகத்தை மெச்சிக்கொண்டேன். அதோடு விடவில்லை. ஜாக்கிரதையானவன் பாருங்கள், பென் டிரைவிலிருந்து ஓர் ஊரைத் திறந்தும் பார்த்தேன். திறந்தது! அதே மெஷினில், அசல் இன்னும் உள்ளே இருக்கும்போது, பலகை வழி காட்டாமல் என்ன செய்யும்?

காலையில் அவர் வந்ததும் விசாரணை ஆரம்பித்தது.

"ஊரு ஃபைலு?"

"எடுத்தாச்சு."

"தொறந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"வேற மிஷின்ல சொருகிப் பாத்தீங்களா?"

பக்கத்தில், மூன்று கடை தள்ளி, போட்டோ ஸ்டூடியோவில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. போய் வர இரண்டு நிமிடம். வெளியே நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், வெயில் அடித்துக்கொண்டிருந்தது, நான் செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன். உலகத்தில் பெரிய பாவங்களுக்கு என்னென்ன காரணம் இருக்குமோ தெரியாது. என்னுடையது செருப்பு.

"பாத்தேம்மா. சூப்பரா தொறக்குது."

அவர் டிக் போட்டார். நாற்காலியைத் தள்ளினார். நான் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு ராக்கெட் விடுகிறவன் மாதிரி அமுக்கினேன்.

மதியத்துக்குள் மெஷின் புதுப் பெண் மாதிரி ஆகிவிட்டது. நீலம் இல்லை, தொங்கல் இல்லை. பிரின்டர் சரியாகப் பேசுகிறதா என்று நாளைக் காலையில் வந்து ஒரு தடவை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். எனக்குப் பென் டிரைவைச் சொருகத் தோன்றவில்லை. புது மெஷினை அழுக்காக்குவானேன் என்று சாயங்காலம் வரை வெறும் திரையை ரசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை முதல் ஆளாக மாமா வந்தார். எனக்குத் தூரத்து உறவு. ஏரிப் பாசனத்தில் நிலம், முகத்தில் பாதிக்கு மீசை. அவர் நெல் களத்தில் கிடந்தது. பின்னால் இன்னும் மூன்று பேர். நான் பென் டிரைவைச் சொருகி, மாமாவின் ஊரை அமுக்கினேன். அந்த இடம் இல்லை என்று மெஷின் சொன்னது. இன்னோர் ஊரை அமுக்கினேன். அதுவும் இல்லை. பதினான்கையும் அமுக்கினேன்.

"இன்னாடா, எம்பேரு வர்லியா?"

"தேடுது மாமா."

"தேடறதுக்கு நான் இன்னா தொலஞ்சா பூட்டேன்? முந்தாநேத்து இங்கதான குடுத்தேன் அத்தினி பேப்பரும்? வானத்தப் பாத்தியா நீ?"

பின்னால் நின்றவர்களில் ஒருவர் "அடங்கல் மறுபடி வாங்கணும்னா ரெண்டு நாள் ஆவும்பா" என்றார். கடைக்குள் சூடு ஏறியது. மாமா மேசையைத் தட்டினார். "இன்னா ஆச்சுன்னு வாயத் தொறந்து சொல்லுடா."

நான் வாயைத் திறந்தேன். "சிஸ்டம் பேஜாராயிடுச்சி மாமா. அந்தப் பொண்ணு வந்து ஃபார்மேட் போட்டுச்சி."

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

"எது, ஸ்கூட்டில வருமே, அதுவா?"

"ஆமா மாமா."

"அப்ப செரி. அதுங்க கையில குடுத்துட்டு நீ குந்திக்கினு இருந்தா இதான் நடக்கும். என் சகல வேற, பள்ளிக்கூடத்து மிஷின் அத்தினியும் அதுக்குத்தான் குடுக்கப் போறானாம். இரு, அவனுக்குச் சொல்றேன்."

தாளாளர் மாமாவின் சகலை என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். அந்த நொடியில்தான் அது உறைத்தது. வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றதும் அந்த நொடியில்தான்.

அவர் உள்ளே வந்தார். தலையில் ஹெல்மெட், தோளில் பை. மாமா கேட்டார், "இன்னாம்மா, அத்தினி பேரு பேப்பரையும் அழிச்சிட்டியாமே?"

அவர் மாமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டு நின்றார். பை தோளிலேயே இருந்தது, கை எதையும் தேடவில்லை, சுரண்டவில்லை, முடுக்கவில்லை. நான் அவரை அறிந்த இத்தனை காலத்தில் அவர் அசையாமல் நின்று பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். 'எண்டர் அமுக்கினது நான்தான் மாமா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு.

நான் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பி, ஏற்கெனவே நிறைந்திருந்த தட்டில் பேப்பர் அடுக்கினேன்.

அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் நம்புவது என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மேசைக்கு வந்து, பென் டிரைவைத் திறந்து, பதினான்கு அம்புகளையும் பார்த்தார். மூடினார். மெஷினை அணைத்துப் பெட்டியைத் திறந்தார்.

"டிஸ்க்க கயட்டிக்கினு போறேன். இதும்மேல எதுவும் எழுதாம இருந்தா எடுத்துடலாம். நாளன்னிக்கு கொண்டாறேன்."

அடுத்தவர் ஃபைலைத் தன் பையில் போட்டுக்கொள்ளாத ஆள் அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஸ்கூட்டிச் சத்தம் தெருமுனை திரும்புவதற்குள் மாமா போனை எடுத்துவிட்டார். "சகல, அந்தத் திருப்புலிவனத்துப் பொண்ணு வாணாம். ஆமா, எங்க பையன் கடையிலயே நாசம் பண்ணிட்டு நிக்குது. வேற ஆளப் பாரு." நான் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்ல இன்னொரு வாய்ப்பு. சொன்னேன்.

"மாமா, டீ சொல்லட்டுமா?"

டிஸ்க் இல்லாத மெஷினோடு கடையில் என்ன செய்வது? உட்கார முடியவில்லை. ஒயரைப் பிரித்துக் கட்டினேன். ஷட்டரை ஏற்றி இறக்கினேன், எண்ணெய் போட்ட ஷட்டர் சத்தமே இல்லாமல் ஓடியது, அது இன்னும் பேஜாராக இருந்தது. கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன். ஏரிக்கரை வரை போனேன், திரும்பினேன். திருப்புலிவனம் திருப்பம் வரை போனேன், திரும்பினேன். மறுபடி போனேன். திருப்பத்து டீக்கடைக்காரர் மூன்றாம் தடவை என்னை நிறுத்தினார். "இன்னா சார், எதனா வுயுந்து பூட்ச்சா? காலைலருந்து தேடிக்கினே கீற?"

"ஒண்ணியும் இல்லப்பா."

மறுநாள் விடிந்ததும் நேராக நெல் களத்துக்குப் போனேன். மாமா குவியல் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆறேழு பேர். நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. அது மூணு தபா கேட்டுச்சு. நான்தான் பொய் சொன்னேன். ஃபைல காப்பி பண்ணாம அம்ப காப்பி பண்ணேன். எண்டர அமுக்கினதும் நான்தான்.

திட்டுவார்கள், ஒருவேளை அடிப்பார்கள் என்று தயாராகப் போயிருந்தேன். அவர்கள் சிரித்தார்கள்.

"அம்பயா காப்பி பண்ணே?" மாமா தார்ப்பாயை விட்டுவிட்டு நெல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "டேய், இங்க பார்றா, அம்ப காப்பி பண்ணானாம்டா!" மீசையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். யாரோ வில் வளைப்பது போல நடித்துக் காட்டினார். அதன்பிறகு ஒரு மாதம் எனக்கு 'அம்பு' என்று பேர். "செரி வுடு, மனுசன்னா மறதி வரும். பேப்பர மறுக்கா வாங்கிக்கலாம்" என்று முதுகில் தட்டினார் மாமா.

முந்தின நாள் அதே காரியத்துக்கு மேசையைத் தட்டியவர். காகிதம் அதே காகிதம், வானம் அதே வானம். ஆள்தான் மாறியிருந்தது. நான் ஜோக்கடித்தே பிழைப்பவன், என் வாழ்க்கையில் நான் சொன்னதற்கு இவ்வளவு பேர் ஒன்றாகச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பில் எனக்குக் காது அடைத்தது.

"பள்ளிக்கூடத்துல சொல்லிடு மாமா. அந்த வேல அதுக்கே குடுக்கச் சொல்லி."

"அது நேத்தே செங்கல்பட்டு ஆளு ஒருத்தன வரச் சொல்லிட்டானே. இப்பப் போயி மாத்துன்னா நல்லாவா இருக்கும்?"

பள்ளிக்கூடத்துக்கும் போனேன். தாளாளர் எனக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்தார். "நல்ல பொண்ணுதான், தெரியும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அந்த அறைக்குள்ளும் எனக்கு நாற்காலி உடனே கிடைத்தது என்பதைக் காபி பாதி குடித்த பிறகுதான் கவனித்தேன்.

சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு அவர் வந்தார். டிஸ்க்கை மாட்டினார். ஏறக்குறைய எல்லாமே கிடைத்திருந்தது. பேர்கள் மட்டும் அழிந்து, வெறும் எண்களாக வந்திருந்தன. அந்த எண்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, யாருடைய சிட்டா எது, எந்த ஊர் என்று தன் நோட்டில் எழுதி, மறுபடி பதினான்கு ஊராகப் பிரித்து வைத்திருந்தார். மாமாவின் அடங்கலும் அதில் இருந்தது. எத்தனை மணிநேரம் உட்கார்ந்திருப்பார்? உட்கார முடியாதவர்.

"தனியா இதுல ஒரு காப்பி போட்டுக்கீறேன். வேற மிஷின்ல சொருகிப் பாருங்க."

செருப்பைப் போடாமல் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். சொருகினேன், பதினான்கையும் திறந்தேன், ஓடி வந்தேன். "எல்லாம் தொறக்குதும்மா." அன்றைக்கு மாலைக்குள் எல்லோருக்கும் பதிவு போட்டு முடித்தேன். மழை மறுநாள்தான் வந்தது.

ஆனால் அதெல்லாம் அவர் போன பிறகு. அவர் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போகும்போது நான் பின்னாலேயே போனேன். இரண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். சொல்லி முடித்ததும் அவர் 'பரவால்லண்ணா' என்பார், நான் இனி நிம்மதியாக உட்காரலாம் என்பது என் கணக்கு.

"எல்லார்கிட்டயும் போயி சொல்லிட்டேம்மா. தப்பு என்னுதுதான்னு. களத்துல அத்தினி பேரு முன்னால சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கும் போயி சொன்னேன். நீ இல்லாத எடத்துலகூட உனக்காகப் பேசிக்கீறேன், பாத்துக்க."

அவர் ஸ்கூட்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

"நான் எதுர்ல நின்னப்போ சொல்லலியே."